காய்ச்சலே இல்லையே, எப்படி நிமோனியா?

டெல்டா பக்கமிருந்து 48 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 74 வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 11 வருடங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். மற்றபடி தானே கடைத்தெருவுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். ஐப்பசி மழையில் வீட்டிலிருக்கும் நான்கு வயதுப் பேரனுக்குச் சளி பிடித்தது. ஒரு வாரம் கழித்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, பகலெல்லாம் தூங்கினார். மூன்றாம் நாள் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து "அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் எங்கே?" என்று கேட்டார். நான்காம் நாள் குளியலறை வாசலில் விழுந்தார். இருமல் பெரிதாக இல்லை. தினமும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள், 99-ஐத் தாண்டவில்லை. "வயசானா இப்படித்தான், மறதி ஆரம்பிக்குது" என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். விழுந்ததில் எலும்பு ஏதும் முறிந்திருக்குமோ என்று எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில்தான் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா என்று தெரிந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அதில் மூன்று நாள் ஐசியூ. வீடு திரும்பிப் பதினைந்து நாள் ஆகிறது.

இப்போது வீட்டில் நடப்பதுதான் கடிதத்தின் பெரும்பகுதி. பேரனால்தான் வந்தது என்று ஒரு பேச்சு எழுந்து, தம்பி மனைவி பிள்ளையைத் தாத்தா பக்கமே விடுவதில்லை. அம்மா, "எதிர்ப்பு சக்தி ஏறணும்" என்று கஷாயமும், மூக்கில் எண்ணெயும் விடுகிறார். டாக்டர் நிமோனியா தடுப்பூசி போடச் சொல்லியிருக்கிறார். தம்பியோ, "ஸ்டென்ட் வைத்தபோதே ஒரு ஊசி போட்டாச்சு, அப்படியும் வந்துவிட்டது, இந்த வயதில் இன்னொன்று எதற்கு" என்கிறார். இனிமேல் லேசாக இருமினாலே கொடுத்துவிடலாமா என்று ஆன்டிபயாடிக் ஒரு அட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். கடைசியில் இந்த வரி: "நான்கு நாள் பக்கத்திலேயே இருந்தும் கவனிக்காமல் விட்டேன் டாக்டர், அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கவனிக்காமல் விடவில்லை. நீங்கள் பார்த்ததெல்லாம் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள்: சாப்பாடு குறைந்தது, தூக்கம், ராத்திரித் தடுமாற்றம், விழுந்தது என்று நாள் வாரியாக எழுதியிருக்கிறீர்கள், பல கேஸ் ஷீட்டுகளில்கூட இவ்வளவு தெளிவு இருக்காது. அந்த நான்கும் சேர்ந்ததுதான் முதியவருக்கு வரும் நிமோனியா என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். நிமோனியா என்றால் குளிர் நடுக்கத்தோடு கொதிக்கும் காய்ச்சல், விடாத இருமல், நெஞ்சுவலி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது முப்பது வயதுக்காரருக்கு வரும் நிமோனியா.

காய்ச்சல் என்பது கிருமி உண்டாக்கும் சூடு அல்ல, நம் உடம்பே ஏற்றிக்கொள்ளும் சூடு. கிருமியைக் கண்ட வெள்ளை அணுக்கள் சில ரசாயனச் செய்திகளை அனுப்ப, அதைக் கேட்டு மூளை உடம்பின் சூட்டைக் கூட்டுகிறது. எழுபதைத் தாண்டிய பலரில் அந்தச் செய்தியும் பலவீனமாகப் போகிறது, மூளையும் மெதுவாகவே கேட்கிறது. போதாததற்கு, முதியவர்களின் சாதாரண உடல்சூடே கொஞ்சம் தாழ்வாக இருக்கும். உங்கள் அப்பாவின் வழக்கமான சூடு 97 என்றால், நீங்கள் பார்த்த அந்த 99 அவருக்குக் காய்ச்சல்தான். வழக்கத்தைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலோ, வாயில் வைத்துப் பார்த்து 100-ஐத் தாண்டினாலோ முதியவர்களுக்கு அதைக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது முதியோர் இல்லங்களுக்காக வகுத்த விதி. அது வீட்டுக்கும் பொருந்தும். அதனால் அவர் நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் காலை மாலை சூடு பார்த்து எழுதி வையுங்கள். அந்த எண் தெரியாமல் தெர்மாமீட்டர் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ரிஜிஸ்டர் கேட்டது மறதி நோய் அல்ல. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். இரண்டு மூன்று நாளில் ஒருவர் நேரம், இடம் தெரியாமல் பேசினால், அதிலும் காலையில் தெளிவாகவும் ராத்திரியில் மோசமாகவும் இருந்தால், உடம்பில் எங்கேயோ ஏதோ நடக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது நுரையீரலாகவோ சிறுநீராகவோ இருக்கும். இப்போது தெளிவாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிலருக்கு முழுத்தெளிவு வரச் சில வாரங்கள் பிடிக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

வயதானால் எதிர்ப்பு சக்தி "குறைந்து" போகிறதா?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், ஏதோ தொட்டியில் தண்ணீர் வற்றுவது போல. அப்படி நினைப்பதால்தான் அதை ஊற்றி நிரப்பிவிடலாம் என்று அம்மாவுக்குத் தோன்றுகிறது. உள்ளே நடப்பது வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் உங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி தானாகத் தீரும்.

முதல் காவல் தொண்டையில் இருக்கிறது. நாம் சாப்பிடும்போது ஒரு பருக்கை மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் புரை ஏறும்; கண்ணில் தண்ணீர் வர இருமி வெளியே தள்ளிவிடுவோம். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவார்கள். வயது ஏற ஏற அந்த இருமல் அனிச்சை மந்தமாகிறது. விழுங்கும் தசைகளும் தளர்கின்றன. தூக்கத்தில் வாயில் ஊறும் எச்சில் துளித் துளியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், புரை ஏறாது, யாருக்கும் தெரியாது. அந்த எச்சிலில் வாயிலும் தொண்டையிலும் குடியிருக்கும் பாக்டீரியா இருக்கும். மூச்சுக்குழாயின் உள்சுவரில் நுண்ணிழைகள் இருக்கின்றன, சளியை மேல்நோக்கிப் பெருக்கித் தள்ளுவது அவற்றின் வேலை. அதுவும் வயதில் வேகம் குறைந்துபோகிறது. புகைபிடித்தவர்களுக்கும் வருடக்கணக்கில் விறகடுப்புப் புகையில் நின்ற பெண்களுக்கும் இன்னும் முன்னாலேயே குறையும்.

இதையெல்லாம் தாண்டிக் காற்று நுண்ணறைக்குள் இறங்கிய கிருமியை அங்கேயே குடியிருக்கும் விழுங்கணுக்கள் பிடித்துத் தின்ன வேண்டும். வயதானவர்களில் அவற்றின் பசி குறைகிறது. சமாளிக்க முடியாவிட்டால் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். இவைதான் படை. முதியவர்களில் இந்தப் படை ஆள் குறைந்து நிற்பதில்லை, ஓடவும் செய்கிறது, ஆனால் வழி தவறி ஓடுகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆராய்ச்சியாளர்கள் முதியவர்களின் நியூட்ரோஃபில்களை எடுத்துப் பார்த்தார்கள். இளையவர்களின் அணுக்களைப் போலவே வேகமாக ஓடின, ஆனால் இலக்கை நோக்கி நேராகப் போகவில்லை. 2014-இல் வெளியான ஆய்வு அது. வழி தவறிய நியூட்ரோஃபில் சும்மாவும் இருக்காது, போகிற வழியில் தன்னிடமுள்ள கரைக்கும் ரசாயனங்களைக் கொட்டி நல்ல நுரையீரலையும் புண்ணாக்கும். கிருமியும் சாகாமல் வீடும் சேதமாவது இப்படித்தான்.

அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. முதியவர்களின் உடம்பில் தொற்று எதுவும் இல்லாதபோதும் ஒரு லேசான அழற்சி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு மூட்டும் எரிச்சல், நீறு பூத்த நெருப்பாக எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கிறது. இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-இல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். அழற்சி, முதுமை என்ற இரண்டு சொற்களை ஒட்டிய பெயர். தொப்பைக் கொழுப்பு, ஈறு நோய், சுகர், குடலிலிருந்து கசியும் பொருட்கள் எல்லாம் இதற்கு விறகு போடுகின்றன. எந்நேரமும் சைரன் ஊதிக்கொண்டிருக்கும் தெருவில் உண்மையான திருடன் வந்தால் யார் எழுந்து பார்ப்பார்கள்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வயதான எலிகளிடம் இதைச் சோதித்தார்கள். டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைக் குறைத்தபோது, நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியை அந்த எலிகள் முன்னைவிட நன்றாக ஒழித்தன. (இதைப் படித்துவிட்டு அழற்சியைக் குறைக்கும் மாத்திரை எதையும் நீங்களாக வாங்க வேண்டாம். மனிதர்களில் டிஎன்எஃப்-ஐ அடக்கும் மருந்துகள் தூங்கிக்கொண்டிருக்கும் டிபியைக் கிளப்பிவிடும். எலிக்குச் சரியானது அப்படியே நமக்குப் பொருந்தாது.)

ஆக, உங்கள் அம்மா "ஏற்ற" நினைக்கும் சக்தியில் ஒரு பகுதி ஏற்கெனவே அளவுக்கு மீறி ஏறித்தான் இருக்கிறது. இன்னொரு பகுதி வழி தெரியாமல் திண்டாடுகிறது.

கடைசியாக, அனுபவசாலிகளின் படை. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது, கிருமிகளை நினைவில் வைத்து எதிர்க்கும் டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். பருவ வயதுக்குப் பிறகு அது சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடுகிறது. பழைய மாணவர்கள் இருப்பார்கள், புதுச் சேர்க்கை மிகக் குறைவு. அதனால் பழகிய கிருமியை உடம்பு ஓரளவு சமாளிக்கும், புதியதைக் கண்டால் தடுமாறும். நிமோகாக்கஸில் 100-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு சர்க்கரைப் பொருளால் ஆன போர்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறது. வழுக்கும் போர்வை அது. எதிர்ப்பொருள் வந்து அதில் ஒட்டினால்தான் விழுங்கணுவால் பிடிக்க முடியும். முதியவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு பார்த்தால் குறையாகத் தெரியாது, ஆனால் அதன் பிடிமானம் தளர்ந்திருக்கும்.

இதெல்லாம் எல்லோருக்கும் ஒரே வயதில், ஒரே அளவில் வருவதில்லை. பல ஆண்டுகளாக சைக்கிள் ஓட்டிவந்த 55 முதல் 79 வயது வரையிலான 125 பேரைப் பரிசோதித்தபோது, தைமஸிலிருந்து புதிதாக வெளிவந்த டி அணுக்கள் இளைஞர்களுக்கு இணையாகவே இருந்தன. உங்கள் அப்பா முப்பது வருடம் பள்ளிக்கு சைக்கிளில் போனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐசியூவிலிருந்து அவர் நடந்து வெளியே வந்ததில் அந்த சைக்கிளுக்கும் பங்கு இருக்கும் என்பது என் நம்பிக்கை. இருமல் அடங்கியதும் வாசல்வரை, அப்புறம் தெருமுனைவரை என்று அவரை நடக்க வையுங்கள். படுக்கையிலேயே வைத்து ஊட்டி விடுவது பாசம்தான், ஆனால் அடுத்த நிமோனியாவுக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

"ஊசி போட்டும் வந்ததே"

தம்பியின் கேள்வி நியாயமானது, அவரிடம் கோபப்பட வேண்டாம். 11 வருடத்துக்கு முன் போட்டது 23 வகைகளுக்கான ஊசி என்று நீங்கள் அனுப்பிய பழைய சீட்டில் தெரிகிறது. அந்த ஊசியில் கிருமியின் சர்க்கரைப் போர்வை மட்டும்தான் இருக்கும். அதைக் கண்டு பி அணுக்கள் எதிர்ப்பொருள் செய்யும், ஆனால் டி அணுக்களின் உதவி கிடைக்காது, அதனால் நீண்ட நினைவு பதியாது. சில வருடங்களில் பாதுகாப்பு தேய்ந்துவிடும். 63 வயதில் ஒருமுறை போட்டதை 74 வயதுவரை நம்பியிருந்திருக்கிறீர்கள். இதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது டாக்டர் சொல்லியிருப்பது அநேகமாக கான்ஜுகேட் வகை ஊசி. அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுப்பது. புரதம் இருப்பதால் டி அணுக்களும் சேர்ந்துகொள்ளும், நினைவு பதியும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் வெறும் சர்க்கரை ஊசி வேலை செய்யாது. அவர்களுக்காகத்தான் இந்த முறையே வந்தது. வாழ்வின் இரண்டு முனைகளிலும் ஒரே பலவீனம், ஒரே மருந்து.

எவ்வளவு பலன்? நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 84,500 பேரிடம் 13 வகைகளுக்கான கான்ஜுகேட் ஊசியைச் சோதித்தார்கள், முடிவு 2015-இல் வெளிவந்தது. அந்த 13 வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய 45 சதவீதம் குறைந்தது. அதே வகைகள் ரத்தத்துக்குள் பரவும் கடும் நோய் 75 சதவீதம் குறைந்தது. நூற்றுக்கு நூறு இல்லை. வேறு வகை நிமோகாக்கஸ், கிளெப்சியெல்லா, ஹீமோஃபிலஸ் போன்ற வேறு கிருமிகள் இவற்றால் வருவதை இது தடுக்காது. ஆனாலும் ஒரு ஊசியில் இவ்வளவு கிடைக்குமென்றால் என் அப்பாவுக்கு நான் யோசிக்க மாட்டேன்.

பழைய ஊசி போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இப்போது கான்ஜுகேட் ஊசி போடத் தடையில்லை. நிமோனியாவிலிருந்து தேறியதும் போட்டுக்கொள்ளலாம். 20 வகை ஊசி கிடைத்தால் பெரும்பாலும் அது ஒன்றே போதும். 13 வகையோ 15 வகையோ என்றால் பிறகு ஒருமுறை 23 வகை ஊசி தேவைப்படலாம். எது கிடைக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். கை வலி, ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல் வரலாம். ஸ்டென்டுக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுவதை ஊசி போடுபவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம், போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் நிமோகாக்கஸ் ஊசி குழந்தைகளுக்குத்தான், பெரியவர்களுக்குக் கைக்காசு போட வேண்டியிருக்கும், சில ஆயிரம் ஆகும். சிரமமான தொகை என்பது தெரியும். ஐசியூவின் ஒரு நாள் பில்லோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பியை.

கூடவே ஃப்ளூ ஊசி, ஒவ்வொரு வருடமும். ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்சுவரை உரித்துவிட்டுப் போகும், அந்த வழியில் பாக்டீரியா நுழையும். 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரை முடித்தது அப்படிப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃப்ளூ கூடும், அதனால் செப்டம்பர் வாக்கில் போட்டுவிடுவது நல்லது.

இந்த முடிவை யார் எடுப்பது என்பதில் உங்கள் கடிதம் முழுக்க நீங்கள், தம்பி, அம்மா மூவரும் பேசுகிறீர்கள். அப்பாவைக் கேட்டதாக ஒரு வரி இல்லை. அவர் தெளிவாக இருக்கிறார், பேப்பர் படிக்கிறார் என்கிறீர்கள். தன் உடம்பில் எந்த ஊசி போடலாம் என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான். மேலே எழுதியதை அவரிடமே படிக்கக் கொடுங்கள். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவருக்கு இது புரியாமல் போகாது.

பேரன்

குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் நிமோகாக்கஸ் சாதாரணமாகக் குடியிருக்கும், அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல். சளி பிடிக்கும்போது அது பரவுவது கூடும். அதனால் பேரனிடமிருந்து வந்திருக்கலாம் என்பது பொய்யில்லை. உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம், கோயிலில் பக்கத்தில் நின்றவரிடமிருந்தும் வந்திருக்கலாம், அப்பாவின் தொண்டையிலேயே இருந்தும் இறங்கியிருக்கலாம். எந்தப் பரிசோதனையாலும் இனி அதைக் கண்டுபிடிக்க முடியாது. நான்கு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பழியை வைக்காதீர்கள்.

அவன் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-இலிருந்து கைக்குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. போட்டிருந்தால், அந்த ஊசி அவனை மட்டும் காக்கவில்லை. அமெரிக்காவில் 2000-இல் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கிய பிறகு, ஊசியே போடாத தாத்தா பாட்டிகளுக்கும் இந்த நோய் குறைந்தது. ஊசி போட்ட பிள்ளைகள் அந்த வகைக் கிருமிகளைச் சுமப்பது குறைந்துபோனதுதான் காரணம். சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் மட்டும் தாத்தாவோடு படுக்க வேண்டாம், ஒரே டம்ளரில் குடிக்க வேண்டாம், கை கழுவட்டும். மற்ற நாளில் மடியில் உட்காரட்டும். தனியாக விட்டால் முதியவர்கள் சாப்பிடுவதும் நடப்பதும் குறைந்துபோகும். அது நுரையீரலுக்கும் நல்லதில்லை.

கஷாயம், எண்ணெய், ஆன்டிபயாடிக்

கஷாயம் வெதுவெதுப்பாகத் தொண்டைக்கு இதமாக இருந்தால் குடிக்கட்டும், புரை ஏறாமல் உட்கார்ந்து, மாத்திரைகளுக்குப் பதிலாக இல்லாமல். நிமோனியாவை அது தடுக்கும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மூக்கில் எண்ணெய் விடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் நான் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டேன். எண்ணெய் தொண்டையில் இறங்கும்போது இருமலைத் தூண்டாது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும், அங்கே போனால் உடம்பால் அதை எளிதில் வெளியேற்ற முடியாது. எண்ணெயால் வரும் நிமோனியா என்று தனி நோயே இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கும் இதே ஆபத்துதான்.

அலமாரியில் வாங்கி வைத்த ஆன்டிபயாடிக் அட்டையை அவசரத்துக்குக் கொடுக்கக் கூடாது. பெரும்பாலான இருமல் வைரஸால் வருவது, அதற்கு அந்த மருந்து எதுவும் செய்யாது. உண்மையிலேயே நிமோனியா என்றால் அரைகுறை மருந்து நோயை மறைத்து நாட்களைத் தின்னும். இன்னொன்று, நீங்கள் பெயர் எழுதியிருக்கும் லீவோஃப்ளாக்சசின் டிபி கிருமியையும் பாதி அடக்கும். முதியவருக்கு டிபி இருந்தால் சில வாரம் தேறுவது போல் காட்டி, சளிப் பரிசோதனையையும் ஏமாற்றிவிடும். நம் நாட்டில் இது பெரிய ஆபத்து.

இவற்றுக்குப் பதிலாக அம்மாவிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள், அவர் கை சும்மா இருக்காது என்பதால் சொல்கிறேன். அப்பாவின் வாய். ராத்திரி படுக்கும் முன் பல் தேய்க்க வேண்டும், பல்செட்டைக் கழற்றிக் கழுவித் தனியே வைக்க வேண்டும். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு வாயைச் சுத்தம் செய்துவிட்டு இரண்டு வருடம் பார்த்ததில் நிமோனியா குறைந்தது. எச்சில் இறங்குவதைத் தடுக்க முடியாது, இறங்கும் எச்சிலில் கிருமியைக் குறைக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும், சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க வேண்டாம். தூக்க மாத்திரை ஏதும் புதிதாகச் சேர்த்திருந்தால் அது இன்னும் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். தண்ணீர் குடித்தால் இருமுகிறார், சாப்பிட்டதும் குரல் கரகரக்கிறது என்றால் விழுங்கும் பயிற்சி தருபவர்களிடம் காட்ட வேண்டும்.

அடுத்தமுறை எதைப் பார்ப்பது

மூச்சை எண்ணுங்கள். அவர் டிவி பார்க்கும்போது, அவருக்குத் தெரியாமல், முழுதாக ஒரு நிமிடம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 12-இலிருந்து 20-க்குள் இருக்க வேண்டும். 25-ஐத் தொட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். 30 என்றால் ஆம்புலன்ஸ். முதியவர்களில் காய்ச்சல் பொய் சொல்லும், மூச்சு அவ்வளவாகப் பொய் சொல்லாது. பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும்போது அவருடைய எண் என்ன என்று குறித்து வையுங்கள். அது 94-க்குக் கீழே போனால் காட்ட வேண்டும், 92-க்குக் கீழே போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. திடீர்த் தடுமாற்றம், காரணமில்லாமல் விழுவது, இரண்டு வேளை தொடர்ந்து சாப்பாடு வேண்டாம் என்பது இவற்றில் ஒன்று வந்தாலும் "நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கலாமா?" என்று நீங்களாகவே கேளுங்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடவில்லை என்று சொன்னாலும் கேளுங்கள். இந்த வயதில் அது கூடாமலும் இருக்கும்.

இப்போது தேறும் காலம். நான்காவது வாரத்தில் சளி குறையும், ஆறாவது வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் குறையும், மூன்று மாதத்தில் பெரும்பாலானவை போயிருந்தாலும் அசதி மிச்சமிருக்கும். இது இளையவர்களுக்கும் சேர்த்துச் சொல்லும் கணக்கு, அப்பாவுக்கு இன்னும் மெதுவாகலாம். நிமோனியாவுக்குப் பின் முதல் ஒரு மாதம் இதயத்துக்கும் ஆபத்துக் காலம், அழற்சி ரத்தக் குழாய்களையும் தொடும். ஸ்டென்ட் வைத்தவர், அதனால் இதய மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. நெஞ்சு இறுக்கம், கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது எதுவானாலும் பலவீனம் என்று விட்டுவிடாதீர்கள்.

உங்களைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்: பத்து வருடமாக சுகர். சுகர் கூடினால் அதே நியூட்ரோஃபில்கள் வயதாகாமலேயே மந்தமாகும். அமெரிக்காவில் எல்லோருக்கும் நிமோகாக்கஸ் ஊசி போடும் வயதை 2024 அக்டோபரில் 65-இலிருந்து 50-ஆகக் குறைத்தார்கள், சுகர் போன்ற நோய் உள்ளவர்களுக்கு அதற்கும் முன்பே பரிந்துரைக்கிறார்கள். அப்பாவைக் கூட்டிப் போகும் அன்று உங்கள் மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போய், "எனக்கும் போடலாமா?" என்று கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை முடிவு எல்லாவற்றின் நகலையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. நோய் கண்டு ஆறு வாரம் ஆனதும் மறுபடி ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், வெள்ளைத் திட்டு முழுதாகக் கரைந்துவிட்டதா, அதன் பின்னால் கட்டியோ டிபியோ மறைந்திருக்கிறதா என்று பார்க்க. உங்கள் கணக்குப்படி அதற்கு இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது. காலண்டரில் குறித்துவிட்டு, அன்றைக்கு பேரனைத் தாத்தாவோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புங்கள்.